எல்லாம் அடக்கம்: யாரை அடக்கி?

'ஆல் இன்க்ளூசிவ்' என்ற வார்த்தை இப்போது நம் பிள்ளைகள் வாயிலும் புழங்குகிறது. ஐ.டி. கம்பெனியில் வேலை பார்க்கிற தம்பி ஒருவர், கல்யாணமான புதுசு, ஒரு விளம்பரத் தாளைக் கொண்டுவந்து காட்டினார். வெப்பமண்டலத் தீவு ஒன்றில் ஏழு ராத்திரி. அறை, மூணு வேளைச் சாப்பாடு, குடி, படகு, எல்லாத்துக்கும் சேர்த்து ஒரே தொகை. பர்ஸைத் தொடவே வேண்டாமாம். கீழே கொட்டை எழுத்தில், 'உலகம் இன்னும் கண்டுபிடிக்காத தீவு'. அந்தத் தம்பியை நான் குறை சொல்ல மாட்டேன். முதல் தலைமுறைச் சம்பளக்காரர், ஒரு வாரம் கடலைப் பார்த்துக் கால் நீட்டிப் படுக்க ஆசைப்படுவது குற்றமா என்ன? நம்ம அப்பன் ஆத்தாளுக்குக் கிடைக்காத ஓய்வு அது. என் சண்டை அந்தத் தாளோடுதான்.

தமிழில் இதை 'எல்லாம் அடக்கம்' என்று போடலாம். அடக்கம் என்ற சொல்லுக்கு நம்மிடம் மூணு அர்த்தம் உண்டு. உள்ளே சேர்ந்தது என்பது ஒன்று. கைகட்டி வாய்பொத்தி நிற்கிற பணிவு இன்னொன்று. இது யாரிடம் காலங்காலமாக எதிர்பார்க்கப்பட்ட 'குணம்' என்று இந்தப் பத்திரிகை வாசகர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. மூணாவது, குழி தோண்டிப் புதைப்பது. இந்த உல்லாசத் தீவு வியாபாரத்துக்கு மூணுமே பொருந்துகிறது என்பதுதான் என் வாதம்.

'கண்டுபிடிக்காத' என்கிறார்களே, யார் கண்டுபிடிக்காத? அங்கேயே பிறந்து, அங்கேயே மீன்பிடித்து, அங்கேயே செத்துக்கொண்டிருக்கிறவர்களுக்கு அந்தத் தீவு எங்கே இருக்கிறது என்று தெரியாதா? கொலம்பஸ் காலத்துப் பொய் இது. மனிதர்கள் இருக்கும் நிலத்தை ஆளில்லா நிலம் என்று முதலில் சொல்லில் காலி செய்ய வேண்டும். பிறகு சட்டத்தில், அதற்கப்புறம் புல்டோசரில். இந்த வரிசை அப்படியே நடந்த ஒரு தீவின் கதையைச் சொல்கிறேன். நான் அங்கே போனதில்லை. போகிற வசதியும் இல்லை. ஆனால் நிலம் இல்லாதவனுக்கு நிலத்தின் கதை எந்த மூலையில் நடந்தாலும் புரியும்.

தீவின் பெயர் பர்புடா. கரீபியன் கடலில் இருக்கிறது. ஆன்டிகுவாவோடு சேர்த்து ஒரே நாடு, 1981 நவம்பர் 1-ல் பிரிட்டனிடமிருந்து சுதந்திரம் பெற்றது. சுமார் 160 சதுர கிலோமீட்டர் பரப்பு. 2017 புயலுக்கு முன்னால் ரெண்டாயிரம்கூட நிறையாத ஜனத்தொகை. ஒரே ஊர்தான், அதன் பெயர் காட்ரிங்டன். அது யார் பெயர்? அடிமைகளை வைத்து ஆண்ட குடும்பத்தின் பெயர். 1685-ல் இங்கிலாந்து அரசிடமிருந்து இந்தத் தீவை அந்தக் குடும்பம் குத்தகைக்கு எடுத்தது. பின்னால் குத்தகையைப் புதுப்பித்தபோது வாடகை எவ்வளவு தெரியுமா? வருஷத்துக்கு ஒரு கொழுத்த ஆடு. அதுவும் அரசு கேட்டால்தான். ஒரு தீவும் அதில் உழைக்கிற அத்தனை உயிரும் ஒரு ஆட்டு விலைக்குப் போயின. அந்தக் குடும்பத்தில் வந்த கிறிஸ்டோபர் காட்ரிங்டன் ஆக்ஸ்போர்டில் ஆல் சோல்ஸ் கல்லூரி நூலகத்துக்குப் பத்தாயிரம் பவுண்டு எழுதி வைத்தார். பார்படாஸ் கரும்புத் தோட்டத்தில் அடிமைகள் சிந்திய ரத்தத்தில் சேர்ந்த சொத்து. அந்த நூலகத்தை அவர் பெயரால் அழைப்பதை 2020-ல்தான் கல்லூரி நிறுத்தியது. சிலை அப்படியே நிற்கிறது. அறிவுக்கும் அடிமைத்தனத்துக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்கும் பேராசிரியர்கள் கவனிக்கவும்.

பர்புடாவில் கரும்பு பெரிதாக விளையவில்லை. மண் மெலிசு, மழை குறைவு. அதனால் ஆன்டிகுவாத் தோட்டங்களுக்கு ஆடுமாடும் மரமும் உணவும் அனுப்புகிற இடமாக அது இருந்தது. அங்கிருந்த அடிமைகள் மாடு மேய்த்தார்கள், மீன் பிடித்தார்கள், வேட்டையாடினார்கள், தங்கள் பாட்டுக்குக் கொஞ்சம் பயிரும் வைத்துக்கொண்டார்கள். 1834-ல் அடிமைமுறை ஒழிந்தது. 1870-ல் காட்ரிங்டன் குடும்பம் குத்தகையை விட்டுவிட்டுப் போனது. ஜனங்கள் போகவில்லை. எங்கே போவார்கள்? யாரும் பங்கு போடாத நிலத்தை யாரும் பங்கு போடாமலே வைத்துக்கொண்டார்கள். வேலி அடைக்கிற இடத்தில் பயிர், மற்றதெல்லாம் பொது. 1904-ல் வந்த ஒரு சட்டம் அவர்களை அரசின் குத்தகைக்காரர்கள் என்றது. அவர்களோ, எங்கள் பாட்டன் முதுகில் விழுந்த சவுக்கடிக்குக் கூலி இந்த நிலம் என்றுதான் நினைத்தார்கள்.

அந்தக் கூலியையும் யாரும் கையில் தரவில்லை. அடிமைமுறையை ஒழித்தபோது பிரிட்டிஷ் அரசு ரெண்டு கோடி பவுண்டு நஷ்டஈடு கொடுத்தது, அடிமைகளுக்கு அல்ல, ஆண்டைகளுக்கு. அதற்காக வாங்கிய கடனை பிரிட்டிஷ் ஜனங்களின் வரிப்பணத்தில் 2015-ல்தான் அடைத்து முடித்தார்கள். இந்த 2015-ஐ ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

நூற்றுச் சொச்சம் வருஷம் வழக்கமாக இருந்ததை 2007-ல் சட்டமாக எழுதினார்கள். பர்புடா நிலச் சட்டம். தீவின் நிலம் முழுக்க பர்புடா மக்களுக்குப் பொதுவில் சொந்தம், யாரும் யாருக்கும் விற்க முடியாது. வயசு வந்த ஒவ்வொருவருக்கும் வீடு கட்ட ஒரு மனை, பயிர் வைக்க ஒரு துண்டு, தொழில் செய்ய ஒரு துண்டு. கேட்டால் கிடைக்கும், காசு கொடுத்து வாங்க வேண்டியதில்லை. வெளியார் பெரிய திட்டத்தோடு, அதாவது 54 லட்சம் கிழக்குக் கரீபியன் டாலருக்கு மேல் செலவாகும் திட்டத்தோடு வந்தால், மக்களில் பெரும்பான்மை சம்மதிக்க வேண்டும். மந்திரி கையெழுத்து மட்டும் போதாது. வீட்டு வாடகை, கடன், அடமானம் என்று உலகமே மூச்சுமுட்டுகிற காலத்தில் இப்படி ஒரு சட்டம் ஒரு தீவில் இருந்தது, தோழர்களே. விற்க முடியாது என்று எழுதிவைத்த நிலம் எப்படிக் கைமாறும் என்பது பஞ்சமி நிலத்தின் கதை தெரிந்தவர்களுக்குப் புதுசில்லை.

இப்போது ரிசார்ட்டுக்கு வருவோம். 'எல்லாம் அடக்கம்' வியாபாரத்தின் பிறப்பே வேடிக்கையானது. 1950-ல் ஜெரார் பிளிட்ஸ் என்ற பெல்ஜியக்காரர் மயோர்கா தீவில் பழைய ராணுவக் கூடாரங்களைப் போட்டு 'கிளப் மெட்' தொடங்கினார். உலகப்போரில் நொந்த ஐரோப்பியருக்கு மலிவான ஓய்வு. பின்னால் காசுக்குப் பதில் கழுத்தில் பாசிமணி கோத்துக்கொண்டார்கள், ஒரு மணியைக் கழற்றிக் கொடுத்தால் ஒரு குவளை மது. ஆப்பிரிக்கக் கரையில் கண்ணாடி மணியைக் கொடுத்து மனுஷனை வாங்கிய கூட்டத்தின் வாரிசுகள் மணியைக் கழுத்தில் போட்டு விளையாடியது தற்செயல்தானோ என்னவோ. அந்த முறை கரீபியனுக்கு வந்தபோது இன்னொன்றையும் சேர்த்துக்கொண்டது: சுவர். 1970களில் ஜமைக்காவில் அரசியல் மோதல் கடுமையாக இருந்தது. பயணிகளுக்கு வெளியே போகப் பயம். சரி, வெளியே போகவே வேண்டாம், எல்லாவற்றையும் உள்ளேயே வைத்துவிடலாம் என்றார்கள் ஓட்டல் முதலாளிகள். 1981-ல் மாண்டிகோ பேயில் தொடங்கிய 'சாண்டல்ஸ்' அதைப் பெரும் வியாபாரமாக்கியது. மணி போய் மணிக்கட்டில் பட்டை வந்தது.

அந்தப் பட்டையைக் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். கட்டியிருக்கிறவன் சாப்பிடலாம், குடிக்கலாம், கடலில் இறங்கலாம். கட்டாதவன் அங்கே வேலைக்காரன், இல்லாவிட்டால் அத்துமீறி நுழைந்தவன். கடல் யாருடையது என்று கேட்டால் ஆன்டிகுவா பர்புடாவில் எல்லாக் கடற்கரையும் பொது என்பார்கள், சட்டம் அப்படித்தான் சொல்கிறது. கடற்கரை பொதுவாம், கடற்கரைக்குப் போகிற வழிதான் தனியார். குளம் பொது, படித்துறை மட்டும் எங்களுது என்று சொன்னவர்களை நமக்கு நன்றாகத் தெரியும்.

பணம் எப்படிப் போகிறது என்பதையும் பாருங்கள். பயணி தன் ஊரிலேயே, தன் ஊர்க் கம்பெனியிடம், முழுத் தொகையையும் முன்கூட்டிக் கட்டிவிடுகிறார். விமானம் அவர்கள் நாட்டுக் கம்பெனியுடையது. இறைச்சியும் வெண்ணெயும் மதுவும் பெரும்பாலும் கப்பலில் வந்து இறங்கும். எல்லாத்துக்கும் காசு கட்டியாச்சு என்பதால் வெளியே தெருவில் ஒருத்தி மீன் வறுத்து விற்றாலும் அவர் வாங்க மாட்டார். எதுக்கு வாங்கணும்? ஓட்டலுக்கு வெளியே இருக்கிற சின்னச் சமையல்காரி, டாக்சிக்காரர், படகுக்காரர் எல்லோரும் அந்தச் சுவரைப் பார்த்துக்கொண்டு நிற்க வேண்டியதுதான். 'எல்லாம்' என்பதில் இவர்கள் அடக்கம் இல்லை.

பர்புடாவில் இந்தக் கடை புதுசில்லை. 1960களிலேயே கோகோ பாயிண்ட்டில் ஒரு அமெரிக்க முதலாளி விடுதி கட்டினார். சாப்பாடு, குடி, மீன்பிடிப்பு எல்லாம் ஒரே கட்டணம், இறங்குவதற்குத் தனி விமான ஓடுபாதை. ஊருக்குள் வராமலே வந்து, ஊருக்குள் வராமலே திரும்பலாம். அப்புறம் இத்தாலிய ஆடை வடிவமைப்பாளர் ஒருவரின் 'கே கிளப்'. இளவரசி டயானா வந்து தங்கியதால் புகழ்பெற்றது. அதுவும் 2000களில் மூடிக் கிடந்தது. அந்த இடத்தைத்தான் ஹாலிவுட் நடிகர் ராபர்ட் டி நீரோவும் ஆஸ்திரேலியச் சூதாட்ட விடுதி முதலாளி ஜேம்ஸ் பேக்கரும் கேட்டு வந்தார்கள். கே கிளப் இடத்தோடு இன்னும் கொஞ்சம் சேர்த்து 391 ஏக்கர். திட்டத்தின் பெயர் 'பாரடைஸ் ஃபவுண்ட்'. கண்டுபிடித்த சொர்க்கம்!

மக்கள் கூடி ஓட்டுப் போட்டார்கள். ஒரு பகுதி வேண்டும் என்றது, ஒரு பகுதி வேண்டாம் என்றது, ஓட்டு முறையாக நடந்ததா என்றே தகராறு. வேலை கிடைக்கும் என்று நம்பி ஆதரித்த பர்புடாக்காரர்களும் இருந்தார்கள், அதை மறைத்துப் பேசுவது நமக்கு அழகல்ல. விவகாரம் நீதிமன்றம் போயிற்று. அரசாங்கம் என்ன செய்தது? தனியார் ஒருவரின் ஓட்டலுக்காகப் பாராளுமன்றத்தில் தனிச் சட்டமே போட்டது. 2007 சட்டம் இந்தத் திட்டத்தைக் கட்டுப்படுத்தாது என்று ஒரு சட்டம். அதன் பெயரும் 'பாரடைஸ் ஃபவுண்ட்' சட்டம்தான். விளம்பர வாசகம் அரசாங்கச் சட்டத்தின் தலைப்பாக ஏறியதை நான் வேறெங்கும் பார்த்ததில்லை. வருஷம் 2015. ஆண்டைகளுக்குக் கொடுத்த நஷ்டஈட்டுக் கடன் அடைந்து முடிந்த அதே வருஷம்.

இங்கே ஒரு மாணவர் என்னிடம் கேட்டார்: "அண்ணே, அந்த நாட்டுப் பிரதமரும் கறுப்பர்தானே? ஆள்றவங்களே அவங்க ஆளுங்கதானே?" நல்ல கேள்வி. 2014-லிருந்து பிரதமராக இருக்கும் காஸ்டன் பிரவுனும் அடிமைகளின் வழிவந்த ஜனங்களில் ஒருவர்தான். அவருடைய கட்சியின் பெயர் தொழிலாளர் கட்சி. கரும்பு முதலாளிகளை எதிர்த்த தொழிற்சங்கத்தின் வயிற்றில் பிறந்த கட்சி. அதனால் என்ன? நம்மாளு நாற்காலியில் உட்கார்ந்தால் நாற்காலி நம்முடையதாகிவிடுமா? நிறம் ஒன்றாக இருக்கலாம், நிலத்தைப் பார்க்கிற கண் யாருடையது என்பதே கேள்வி. பொதுநிலம் என்பதை வளர்ச்சிக்குத் தடையாகப் பார்க்கும் அந்தக் கண் காட்ரிங்டனுடையது. சுதந்திரம் வாங்கிய நாட்டுக்கு இன்றைக்கும் தலைவர் இங்கிலாந்து மன்னர், கடைசி மேல்முறையீடு லண்டன் பிரிவி கவுன்சிலுக்கு என்பதையும் சேர்த்துப் படியுங்கள். ஆன்டிகுவாவில் பிறந்த ஜமைக்கா கின்கெய்ட் 1988-ல் 'ஏ ஸ்மால் பிளேஸ்' என்ற சின்னப் புத்தகத்தில் சுற்றுலாப் பயணியை நேருக்கு நேர் நிறுத்திக் கேள்வி கேட்டதோடு தன் நாட்டு ஆட்சியாளர்களையும் விடவில்லை. இதை யாராவது தமிழில் முழுசாகக் கொண்டுவர வேண்டும். நான் சொல்லிச் சொல்லி வாய் வலிக்கிறது.

2017 செப்டம்பர் 6. இர்மா புயல் மணிக்கு சுமார் 285 கிலோமீட்டர் வேகத்தில் பர்புடா மேல் ஏறிப் போனது. பெரும்பாலான கட்டடங்கள் சிதைந்தன. ஒரு சின்னக் குழந்தை செத்துப்போனது. அடுத்து ஹோசே என்ற புயல் வருகிறது என்று தீவின் ஜனங்கள் அத்தனை பேரையும் ஆன்டிகுவாவுக்குக் கொண்டுபோனார்கள். முன்னூறு வருஷத்தில் முதல்முறையாக அந்தத் தீவில் மனுஷ வாடையே இல்லை. காப்பாற்றத்தான் கொண்டுபோனார்கள், சரி. ஹோசே பர்புடாவைத் தாக்காமல் விலகிப் போய்விட்டது. ஜனங்கள் மட்டும் உடனே திரும்ப முடியவில்லை. முகாம்களில் வாரக்கணக்கில், பலர் மாதக்கணக்கில் கிடந்தார்கள். அவர்கள் அங்கே கிடக்கும்போதே தீவில் புல்டோசர் இறங்கிக் காட்டை அழித்தது. பள்ளிக்கூடம் கட்டவா? ஆஸ்பத்திரி கட்டவா? பெரிய விமானங்கள் இறங்க ஒரு ஓடுபாதை போட. கூரையும் கரண்டும் காத்திருக்கலாம், ஓடுபாதை காத்திருக்க முடியாது!

சொர்க்கம் இப்படித்தான் 'கண்டுபிடிக்கப்படுகிறது'. விளம்பரத் தாளில் இருக்கும் அந்த ஆளில்லாக் கடற்கரைப் படம் ஒரு மாதத்துக்கு நிஜமாகவே ஆகிவிட்டது. அதே டிசம்பரில் பாராளுமன்றம் 2007 சட்டத்தில் கைவைத்தது. பொதுச்சொத்து என்பதை எடுத்துவிட்டுத் தனிப்பட்டா என்றார்கள். வீடு இருந்த இடத்தை ஒரு டாலர் கொடுத்து வாங்கிக்கொள்ளலாம். ஒரு டாலர்! அன்றைக்கு ஒரு ஆடு, இன்றைக்கு ஒரு டாலர். பட்டா கிடைத்தால் அடமானம் வைத்துக் கடன் வாங்கி வீட்டைக் கட்டிக்கொள்ளலாமாம். கேட்பதற்கு நியாயமாகத்தான் இருக்கிறது. பட்டாவுக்காகச் சாகிற ஜனங்கள் நாம், பட்டா வேண்டாம் என்கிறவர்களை நமக்கே புரிந்துகொள்ளக் கஷ்டம். ஆனால் ஏற்கெனவே தன்னுடையதாக இருக்கும் மொத்தத் தீவையும் விட்டுக்கொடுத்து, அதிலிருந்து ஒரு மனையைத் திரும்ப வாங்குவதற்குப் பெயர் உரிமையா? அடமானம் வைக்க முடிந்த நிலம் ஏலத்துக்கும் வரும். கூரையில்லாமல் நிற்கிறவன் கையில் பத்திரத்தைக் கொடுத்தால் அது யார் பெட்டிக்குப் போகும் என்று கணக்குத் தெரிந்துதான் கொடுக்கிறார்கள்.

டி நீரோ ஐ.நா. சபையில் பர்புடாவுக்காக உருக்கமாகப் பேசினார், அதே 2017 செப்டம்பரில். மனுஷன் நல்லவராகவே இருக்கட்டும். ஆண்டைகளில் நல்லவர் கெட்டவர் பார்ப்பது என் வேலை இல்லை. கோகோ பாயிண்ட்டையும் பால்மெட்டோ பாயிண்ட்டையும் வேறொரு அமெரிக்கக் கூட்டம் 99 வருஷக் குத்தகைக்கு எடுத்து 'பர்புடா ஓஷன் கிளப்' கட்டுகிறது. 'அமைதி, அன்பு, மகிழ்ச்சி' என்று அந்தக் கம்பெனிக்குப் பெயர். கோல்ஃப் மைதானம், கோடீஸ்வரர்களுக்கு வீடுகள், உறுப்பினர்களுக்கு மட்டும் அனுமதி. பக்கத்திலேயே காட்ரிங்டன் கடற்காயல், 2005-லிருந்து ராம்சர் ஒப்பந்தத்தில் பாதுகாக்கப்பட்ட ஈரநிலம், ஃபிரிகேட் பறவைகள் பெருங்கூட்டமாகக் கூடு கட்டும் இடம். புயலைத் தடுக்கிற மணல்மேட்டை வெட்டிச் சமப்படுத்தினால் அடுத்த இர்மாவுக்கு யார் பதில் சொல்வது? அங்கே மணல் அள்ளி விற்று உள்ளூர்க் கவுன்சிலே வருமானம் பார்த்த காலமும் உண்டு. அதைச் சுட்டிக்காட்டி 'நீ மட்டும் யோக்கியமா' என்று கேட்கிறார்கள். வேறு வருமானத்துக்கு வழிவிடாமல் வைத்திருந்தவர்கள் கேட்கும் கேள்வி இது.

வேலை கிடைக்குமே என்ற வாதம் மிச்சமிருக்கிறது. கிடைக்கும். அறை கூட்ட, தோட்டத்துக்குத் தண்ணீர் ஊற்ற, சிரித்த முகத்தோடு தட்டு ஏந்த. வேலையை நான் இளக்காரம் பேசவில்லை, எந்த வேலையும் செய்து பிழைத்த கூட்டம் நாம். ஆனால் சிங்கி இறால் பிடிக்கிறவர், நண்டு பிடிக்கிறவர், ஆடு மேய்க்கிறவர், நினைத்தால் குடும்பத்தோடு கடற்கரையில் கூடாரம் போட்டு நாலு நாள் கிடக்கிறவர் ஏற்கெனவே யாருக்கும் கைகட்டாமல் வாழ்ந்துகொண்டிருந்தார். ஆண்டைக்குக் கூலியாக இருக்க வேண்டாம் என்பதற்குத்தானே அந்த நிலம்? வேலை தருகிறேன் என்கிறவன் முதலில் அவருடைய வேலையைப் பிடுங்கிவிட்டுத்தான் தருகிறான். அதோடு, பயணி ஒரு வாரம் விலை கொடுத்து வாங்குகிற கடற்கரை வாழ்க்கை அவர் காசில்லாமல் வாழ்ந்த வாழ்க்கைதான்.

ஓடுபாதைக்கு எதிராக ரெண்டு பேர் வழக்குப் போட்டார்கள். ஜான் மஸிங்டன், கடல் உயிரியல் படித்தவர், பள்ளி முதல்வர். ஜாக்லின் பிராங்க், ஓய்வுபெற்ற ஆசிரியை. ரெண்டுபேரும் அந்த மண்ணில் குடியிருப்பவர்கள். திட்டம் சரியா தப்பா என்று விசாரிக்கிற கட்டத்துக்கே வழக்கு வரவில்லை. இதைக் கேட்க நீங்கள் யார், உங்களுக்கு வழக்காடும் தகுதியே இல்லை என்றது அந்த வட்டார மேல்முறையீட்டு நீதிமன்றம். தங்கள் தீவைப் பற்றித் தாங்கள் கேட்கலாமா என்பதற்கே ஆறு வருஷம் அலைந்தார்கள். 2024 பிப்ரவரியில் லண்டன் பிரிவி கவுன்சில், கேட்கலாம், தகுதி உண்டு என்றது. அந்த அக்டோபரில் புது விமான நிலையத்தைத் திறந்துவிட்டார்கள்.